தோட்டத்து ஆபீஸ் போனும் மணிப்பெட்டியும்

அண்ணன் இறந்த மறு வருடம் அண்ணி தெலுக் இந்தான் வீட்டைக் காலி செய்துவிட்டு, மகளோடு இருக்கக் கோலாலம்பூருக்குப் போனார். போவதற்கு முன் என்னை வரச்சொல்லி ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். உள்ளே கனத்த கறுப்புத் தொலைபேசி. கூடவே தனியாக ஒரு மரப்பெட்டி, அதன் மேல் இரண்டு மணிகள். அண்ணன் கணக்கு எழுதும் கிராணியாக வேலை பார்த்த ரப்பர் தோட்டத்து ஆபீசை இடித்தபோது கேட்டு வாங்கி வந்தது. அந்தப் போனுக்குள் மணி கிடையாது. மணிப்பெட்டியைச் சுவரில் மாட்டி, கம்பி இழுத்து இணைக்க வேண்டும்.

"நீதான் கம்பி வேலையெல்லாம் பார்ப்ப. வச்சுக்கோ லா," என்றார் அண்ணி.

ஈப்போவில் ஒரு எலக்ட்ரானிக் பேக்டரியில்தான் ஓய்வு பெறும்வரை இருந்தேன். ஈயம் உருக்கிப் பற்றவைப்பது கைக்குப் பழகிய வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போதெல்லாம் சந்தையில் கீரைக்காரரிடம் பேசுவதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடுகிற நாள்களும் உண்டு.

இணையத்துக்காக வாங்கிய மோடத்தின் பின்னால் போனுக்கும் ஒரு துளை இருந்தது. அதிலிருந்து வந்த இரண்டு கம்பிகளை மணிப்பெட்டிக்குக் கொடுத்து, அங்கிருந்து போனுக்கு இழுத்தேன். கைப்பேசியிலிருந்து கூப்பிட்டால், லைன் பிசி என்றே வந்தது. யாருமே பேசாத லைன்! பெட்டியைத் திறந்து சோதித்தேன். மணிச் சுருளுக்கு முன்னால் இருக்கும் கெப்பாசிட்டர் பழுதாகி, தடுக்க வேண்டிய மின்சாரத்தை விட்டுக்கொண்டிருந்தது. அதனால் யாரோ ரிசீவரை எடுத்துவிட்டதாகவே மோடம் நினைத்துக்கொண்டிருந்தது. புதியது ஒன்று வாங்கி வந்து பற்றவைத்தேன்.

மறுபடி கூப்பிட்டேன். மணி அடித்த சத்தத்தில் நானே பதறிப்போனேன். ஓடிப்போய் ரிசீவரை எடுத்து "ஹலோ" என்றேன். இன்னொரு கையிலிருந்த கைப்பேசியிலும் என் குரலே "ஹலோ" என்றது. சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

டயலைச் சுற்றினால் மோடத்துக்குப் புரியவில்லை. வருகிற அழைப்பை எடுக்கலாம், அவ்வளவுதான். அண்ணிக்கு நம்பரை அனுப்பி, கூப்பிடச் சொன்னேன். உடனே கூப்பிட்டார்.

"அண்ணி, கேக்குதா?"

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அண்ணி?"

"உங்க அண்ணன் ஆபீஸ்லேர்ந்து பேசுற மாதிரியே இருக்கு. அதே கரகரப்பு," என்றார். அண்ணி ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த காலத்தில், மதியமானால் அண்ணன் இந்தப் போனிலிருந்துதான் கூப்பிடுவாராம். "வேணாம்மா. நீ ஹேண்ட்போன்லயே பேசு." வைத்துவிட்டார்.

கைப்பேசியில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எதற்கு இந்த வேலை பார்த்தோம் என்றிருந்தது. கம்பியைக் கழற்றிவிட நினைத்தேன், ஆனால் கழற்றவில்லை.

மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மணி அடித்தது. அண்ணிதான்.

"என்ன அண்ணி?"

"ஒன்னுமில்ல. ஏதாவது பேசு."

"என்ன பேசுறது?"

"எதுனாலும் சொல்லு, கேக்குறேன்."

காலையில் பெய்த மழையைச் சொன்னேன். கத்தரிக்காய் விலை ஏறியதைச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அவர் கேட்டுக்கொண்டிருந்தது என்னை இல்லை என்று தெரிந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தாமல் பேசினேன்.