புரட்டாசிச் சனியில் இரண்டு விரதம்

பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டில் என் பின்னறையில் வாடகைக்கு இருந்தவள் ஒரு வெள்ளைக்காரி. காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள். புரட்டாசிக் கடைசி வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் முன்னே அவசர அவசரமாக நாலு தோசையைத் தின்றுவிட்டு, இந்த வருஷம் தெரிந்தோ தெரியாமலோ எனக்கு ஏதாவது தப்புச் செய்திருந்தால் மன்னித்துவிடும்படி கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. ஒன்றும் செய்யாமல் யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? கிள்ளானில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, ஓடப்போறா லா. முதல்ல பீரோவைப் பாரு."

பார்த்தேன். தோடு, சங்கிலி, வளையல் எல்லாம் பத்திரமாக இருந்தன. அப்போதும் சந்தேகம் விட்டபாடில்லை. வேறு எதிலோ கை வைத்திருக்கிறாள் என்றே தோன்றியது.

மறுநாள் பெருமாளுக்கு நான் விரதம். பார்த்தால், அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை. காப்பி வேண்டாம், பச்சைத் தண்ணீர்கூட வேண்டாமாம். வெள்ளை உடுப்பு, தோல் செருப்பை ஓரங்கட்டிவிட்டு ரப்பர் சிலிப்பர், கையில் ஒரு தடிப் புத்தகம். நம் விரதத்தில் பாலும் பழமுமாவது உண்டு. இது என்ன கூத்து? மத்தியானம் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டுக் காற்று வாங்கக் கீழே போனாள். விறுவிறுவென்று போய் அந்தப் பையைத் திறந்தேன். துணிமணி, பாஸ்போர்ட், அந்தப் புத்தகம். பிரித்துப் பார்த்தால் எழுத்து தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் பொருள் ஒரு குண்டூசிகூட இல்லை. வெட்கமாகிவிட்டது. எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட்டு, சாமி படத்துக்கு முன் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

இருட்டியதும் வந்து உட்கார்ந்தாள். தான் யூதப் பெண் என்றாள். அன்று அவர்களுடைய பாவமன்னிப்பு நாளாம், முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் இருட்டும்வரை பட்டினியாம்.

"குடிவரும்போது கிறிஸ்டியன்னு பொய் சொன்னேன் ஆன்டி. இந்த ஊர்ல யூதர்னா முகம் சுளிப்பாங்க, உள்ளதைச் சொன்னா ரூம் தர மாட்டீங்களோன்னு பயம். கடவுளுக்குச் செஞ்ச தப்பைக் கடவுள் மன்னிச்சிடுவாரு. மனுஷங்களுக்குச் செஞ்சதை அவங்கதானே மன்னிக்கணும்?"

"அடி போடி, இதுக்கா இவ்வளவு அழுகை?" என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டது பெருமாளிடம்தானே, இவளிடம் இல்லையே. தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"உன் பையைத் திறந்து பார்த்தேன்மா. எதையாவது திருடி வெச்சிருப்பியோன்னு சந்தேகம். மன்னிச்சிடு."

"தெரியும் ஆன்டி. புத்தகத்தைத் தலைகீழா வெச்சிருந்தீங்க. நீங்களா சொல்வீங்களான்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றவள், தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள்.

அவள் வயிறாரச் சாப்பிட்டாள். எனக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை.