மாலுமி கல்லின் பின்பக்கம்

பழைய கல்லறைக் கற்களின் எழுத்தைத் தாளில் படியெடுப்பது என் உத்தியோகம். படுத்திருப்பவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை, நிற்பவர்கள்தான் சும்மா விடமாட்டார்கள். வெயிலில் குந்தி வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஈரத் தாள்

1950களில் கட்டுமாவடிப் பக்கம் ஒரு மாதா கோயிலுக்கு அனுப்பினார்கள். கல்லறைத் தோட்டத்தின் ஊடே ரோடு வரப்போகிறது. எழுத்துள்ள கல்லைக் கோயில் வளாகத்தில் நடுவார்கள், எழுத்தில்லாதது ஜல்லியாகும் என்று உத்தரவு. எழுத்து உண்டா என்று சொல்ல வேண்டியவன் நான். முதல் கல்லில் ஈரத் தாளை ஒட்டி பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தேன். கோயில் மணியடிக்கும் அந்தோணி வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இவுகளுக்குக் காச்சலா சார்? ஈரம் போட்டு ஒத்துறீங்க?"

சுண்ணாம்பு

மறுநாள் மீன் விற்கும் சவரியம்மாள் கூடையோடு வந்து, தன் ஆத்தாவின் கல்லைக் காட்டினார். கைக்குழந்தையாய் இருந்தபோதே ஆத்தா போய்விட்டாராம். பிறகு அப்பா காட்டிய இடமாம். கல்லறைத் திருநாள் தோறும் பூசிய சுண்ணாம்பில் அந்தக் கல் பணியாரம் போல உப்பியிருந்தது. எழுத்தே தெரியவில்லை என்றேன். அவர் முகம் செத்துவிட்டது.

"அழுக்கா கெடந்தா ஆத்தா கோவிச்சுக்கும்னுதான் சார் பூசுனேன். அதுவே ஆத்தாவ மூடிருச்சா?"

முன்பக்கம்

பொழுது சாய்வதற்குள் சுரண்டிவிட்டேன். எழுத்து வந்தது, இங்கிலீஷில். யாரோ ஒரு வெள்ளைக்கார மாலுமி. சொல்லாமல் விடலாமா என்று தோன்றியது. ஆனாலும் உள்ளதைச் சொன்னேன். சவரியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கல்லே இல்லாத பக்கத்து மண்மேடுகளைக் காட்டி, "ஒங்கப்பா இந்தக் கல்லுக்குப் பக்கத்துலன்னு அடையாளம் சொல்லியிருப்பாரும்மா" என்றார் அந்தோணி.

சவரியம்மாள் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு எழுந்து கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டார்:

"பின்பக்கம் சும்மாதானே சார் இருக்கு?"

பின்பக்கம்

கோயில் சாமியார் சம்மதித்தார். அம்மி கொத்துகிறவர் வந்து, ஆத்தாவின் பெயரைக் கோணல்மாணலாக வெட்டிக் கொடுத்தார். கல்லைக் கோயில் வளாகத்தில் நட்ட அன்று, அந்த மேடுகள் எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொரு பிடி மண் அள்ளி வந்து அதன் அடியில் போட்டார் சவரியம்மாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாலுமி கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று சீண்டினேன்.

"யாரு பெத்த புள்ளையோ, இத்தன வருஷமும் ஆத்தாவுக்கு ஏத்துன மெழுகுதிரிய எல்லாம் அவருதானே வாங்கிக்கிட்டாரு? இப்ப ஆத்தாவுக்குக் கொஞ்சம் எடம் குடுக்கட்டும்."

அந்தக் கல் எந்தக் காலத்தது என்று மேலதிகாரி கேட்டபோது, எந்தப் பக்கம் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியதாயிற்று.