கூவன் என்ற சொல்

அயர்லாந்தில் படிக்கும் என் மகள் தோழிகளோடு படகில் போயிருந்தபோது புயல் வந்தது. "அம்மா, இப்ப கூவன்ல இருக்கோம், பயப்படாதீங்க" என்று செய்தி அனுப்பினாள். பிறகு அவள் போன் வேலை செய்யவில்லை. அம்பிட்டிய வீட்டிலிருந்து அந்தச் சொல்லை இணையத்தில் தேடினேன். கேலிக் மொழியில் பெருங்கடல் என்றிருந்தது. புயலில் நடுக்கடலில் மாட்டிக்கொண்டாள் என்றே நினைத்தேன். அன்று முழுக்க சாமியறையை விட்டு நான் எழும்பவில்லை.

மறுநாள் காலையில் அவள் பேசினாள்.

"ஐயோ அம்மா, அது ஸ்கொட்லாந்து கேலிக்ல உள்ள அர்த்தம். இங்க அயர்லாந்துல கூவன்னா துறைமுகம். பழைய அர்த்தமே அதுதானாம். நல்லாத் தேடுனீங்க போங்க!"

அவள் சிரித்தாள். அந்தச் சொல்லை முதலில் துறைமுகத்துக்கு வைத்தவர்களுக்குப் புண்ணியமாகட்டும். என் பிள்ளை அங்கேதான் இருந்தாள்.