நிறைகுடமும் என்ஜின் எண்ணெயும்

மோட்டார் சைக்கிள் ரிப்பேர் தொழிலில் என்ஜினைத் திறப்பது சுலபம். வண்டிக்காரர் வாயை மூடவைப்பதுதான் பெரும்பாடு. இரண்டாவது யுத்தம் வருவதற்கு முன்பு தல்லாகுளத்தில் நானும் இப்ராகிம் பாயும் கூட்டாக ஒரு பட்டறை நடத்தினோம். அப்போது மதுரையில் மோட்டார் சைக்கிள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அத்தனை வண்டிக்காரர்களுக்கும் எண்ணெய் பார்க்கும் விஷயத்தில் எங்களைவிட அதிகம் தெரியும். வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே காலம் தள்ளும் தையற்காரர்களே, கடிகாரக்காரர்களே, பல் பிடுங்குகிறவர்களே, நீங்களே கேட்டு ஒரு நியாயம் சொல்லுங்கள்.

சாய்ந்த வண்டி

வக்கீல் ஒருவர் தம் வண்டியைக் கோர்ட்டு வேப்பமரத்தில் சாய்த்து வைத்தபடியே மூடியைத் திறந்து எண்ணெய் பார்ப்பார். ஒருநாள் வலப்பக்கம் சாய்த்திருப்பார், ஒருநாள் இடப்பக்கம். ஒருநாள் எண்ணெய் ததும்பும், ஒருநாள் அடியில் கிடக்கும். குறைந்த நாளெல்லாம் நாங்கள் திருடிய நாள் என்பது அவர் கட்சி.

வண்டியை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, அவர் கண்ணெதிரே அளவுக் குச்சி விட்டுக் காட்டினேன். அளவு சரியாகவே இருந்தது. மரத்தில் சாய்த்தேன், குறைந்தது. மறுபடி நிமிர்த்தினேன், கூடியது. திருட்டுப் பட்டம் போயிற்று என்று நான் நிமிர்வதற்குள் அவர் அடுத்த கேள்வியைப் போட்டார். "வண்டி சாயட்டும்யா, அது என் இஷ்டம். எண்ணெய் யாரைக் கேட்டுச் சாயுது?"

கொட்டாம்பட்டி மாமா

வக்கீலாவது ஊரார். கொட்டாம்பட்டியில் இருந்தவர் என் சொந்தத் தாய்மாமன். சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடம் வண்டி வாங்கி, சுற்றுவட்டாரமே திரும்பிப் பார்க்க ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மகள் அழகம்மா எனக்கு முறைப்பெண். அவளைக் கட்டவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. மாமாவுக்கோ, நகக்கண்ணெல்லாம் கறுப்பாகத் திரியும் எனக்குப் பெண் கொடுப்பதில் இஷ்டமில்லை. மாப்ள என்று கூப்பிட்டால் உரிமை வந்துவிடும் என்று என்னை டேய் என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வண்டியில் எண்ணெய்க்கென்று சீட்டுக்கு அடியில் தனி டப்பா. ராத்திரி நிற்கும்போது எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக என்ஜின் வயிற்றுக்கு இறங்கிவிடும். காலையில் திறந்தால் டப்பா குறைந்து தெரியும். வண்டியைக் கிளப்பிச் சற்று நேரம் ஓடவிட்டால் இறங்கியதெல்லாம் மேலே வந்து சேரும். பிறகு நிறுத்தி, நேராக வைத்துப் பார்க்கவேண்டும். அப்போதும் வாய்க்குக் கீழே இரண்டு விரல் இடம் விடவேண்டும்.

மாமா காலையில் குளித்து விபூதி பூசியதும், வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே மூடியைத் திறப்பார். குறைந்த பாத்திரத்தோடு வாசலைத் தாண்டக்கூடாதாம். விளிம்பு வரை ஊற்றி, மூடிக்குக் குங்குமமும் வைப்பார். கிளப்பியதும் கீழே இறங்கிய எண்ணெய் மேலே வரும், இடமில்லாமல் வழியும், வேட்டி நாசமாகும். வசவு எனக்கு. ஒருநாள் ஊருக்கே போய் முறையாகச் செய்து காட்டினேன். அழகம்மா பக்கத்தில் நின்று அளவுக் குச்சியைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் பார்த்துவிட்டு மாமா சொன்னார்: "நெறகொடத்தக் கொறச்சு வைக்கச் சொல்ற பயலுக்குக் குடும்பம் எங்கிட்டு வெளங்கும்?"

வழி சொன்னவன்

ஒரு ஆவணியில் மாமா பட்டறைக்கு வந்தார். மறுநாள் தல்லாகுளத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வீட்டுக்குப் போய் அழகம்மாவுக்குப் பேசி முடிக்கப் போகிறாராம். வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டு படக்கூடாது, வண்டியைத் தயார் பண்ணு என்றார். கையில் இருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று எனக்கு இருந்தது.

ஆனாலும் வேலை வேலைதானே. வண்டியைச் சூடாக்கி, நிறுத்தி, இரண்டு விரல் இடம் விட்டு எண்ணெய் வைத்தேன். காலையில் குறைந்து தெரிந்தாலும் ஒரு சொட்டு ஊற்றவேண்டாம், நாளைக்கு ஒருநாள் என் பேச்சைக் கேளுங்கள் என்று கெஞ்சினேன். மாமா அதிசயமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். இப்ராகிம் பாய் என்னைப் பார்த்தார். "மியான், ஒன் பொண்ணக் கொண்டுபோற வண்டிக்கு நீயே எண்ணெய் வச்சு அனுப்புற. ஒனக்கு நிக்காஹ் எதுக்கு?"

எண்ணெய்ச் சகுனம்

மறுநாள் உச்சிவேளையில் மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தார். முன்னால் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறவர். பின்னால் பார்த்தால் செக்கில் விழுந்து எழுந்தவர். வழிந்த எண்ணெய் முழுக்க வேட்டிப் பின்பக்கத்தில். ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியவில்லை, குமாஸ்தாவின் தாயார் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல காரியம் பேச எண்ணெய் வழிய வந்து நின்றால் விளங்குமா என்று தாம்பூலத் தட்டைத் தொடாமலே அனுப்பிவிட்டார்களாம்.

மாமாவோ, நான் ஒரு சொட்டும் ஊத்தலைடா என்று சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. மாமா பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். தரையெல்லாம் எண்ணெய், சுவரெல்லாம் எண்ணெய், நான், பாய், பாயின் தாடி, எல்லாம் எண்ணெய். கறை படிந்த பெஞ்சில் அதே வேட்டியோடு உட்கார்ந்தார். "எண்ணெயப் பாத்து மூஞ்சியச் சுளிக்காத வீடு இந்த மதுரையில ஒன்னோடது ஒண்ணுதான். தையில வச்சுக்குவம், மாப்ள."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெய்க் கையால் துடைத்ததில் கண் இரண்டு நாள் எரிந்தது. பாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். "மாமனாருக்கு இன்னொரு வேட்டி எடுத்துக் குடு மியான், அதான் மாப்பிள்ள நீ குடுக்குற மஹர்."

குச்சி பிடித்தவள்

கல்யாணமாகி அழகர்கோவிலுக்குப் போய்விட்டு வரும் வழியில், மாமாவின் சத்தியத்தைச் சொல்லிச் சிரித்தேன். பெரிய மனுஷர் இப்படிப் பொய் சொல்வாரா என்றேன். அழகம்மா சிரிக்கவில்லை. அப்பா உண்மையாகவே தொடவில்லை என்றாள். அன்று காலை திறந்து பார்த்து, குறைந்திருக்கிறதே என்று புழுங்கினாராம். ஆனாலும் எனக்குக் கொடுத்த வாக்குக்காக மூடிவிட்டு, குங்குமம் எடுக்க உள்ளே போனாராம்.

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். முறையாகப் பார்க்கத்தான் நான் அத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேனே, நான் ஊருக்கு வந்து செய்து காட்டிய அன்று பக்கத்தில் நின்று குச்சியைப் பிடித்தது யார் என்று கேட்டேன். அவள் நிதானமாகச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "நீங்க சொல்லிக் குடுத்ததெல்லாம் மனப்பாடமாத் தெரியும் மச்சான். எப்ப ஊத்துனா வழியும்னு தெரிஞ்சுதானே விளிம்பு வரைக்கும் ஊத்துனேன்."

எனக்கு நிக்காஹ் எதுக்கு என்று கேட்ட பாயிடமும் நியாயம் சொல்லக் காத்திருக்கும் உங்களிடமும் நான் சொல்லிக்கொள்வதெல்லாம், எண்ணெய் பார்க்கும் முறையை என்னிடம் சரியாகக் கற்றுக்கொண்டவர் இந்த ஜில்லாவிலேயே ஒருவர்தான், அவரும் வண்டிக்காரர் இல்லை.