சாமிக்கு விட்ட சேவலைப் பிடித்த உங்கள் அத்தை

பிள்ளைகளே,

உங்கள் அத்தை, என் கூடப் பிறந்த அக்கா, நம்மை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. இந்த நினைவு மலரில் எழுத என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சாவு வீட்டில் என் காதில் விழுந்த ஒரு பேச்சுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். "சாமி சேவல் மேல கை வச்சாங்கல்ல, அதான் புள்ளையும் இல்ல, கடைசியில காலும் வீங்கிப் போச்சு" என்றார்கள். நாளைக்கு உங்களிடமும் சொல்வார்கள். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அத்தை லிந்துலைப் பக்கம் இதே தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். தாயில்லாத என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவர். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாகச் சேர்ந்தார். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனால் லயத்துக் குழந்தைகள் எல்லாம் அவர் பொறுப்புதான்.

லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் கோழிகளும் ஒரே ஒரு சேவலும் வைத்திருந்தார். இன்னொரு குஞ்சு கூவத் தொடங்கினால் விற்றுவிடுவார். முறைக்கிற சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அது அடங்கும் வரை வேலை பார்ப்பார். குழந்தைகளிடம், "சேவல் கிட்ட ஓடாத. முதுக காட்டாத. கையில ரொட்டியோட போகாத" என்பார். அவர் சேவல் ஒரு குழந்தையைத் தொட்டதில்லை.

தொட்டது, தோட்டத்து ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணியின் சேவல். திருவிழாவில் அறுப்பதற்காக முனிக்கு நேர்ந்து விட்டது. அதை யாரும் விரட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. அடி என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்து, காம்பரா வாசலுக்கே வந்து குழந்தைகளைத் துரத்தியது. கட்டிப்போடச் சொல்லி அத்தை எத்தனையோ தரம் கேட்டார். "சாமி சேவல கட்டிப்போடச் சொல்றியா?" என்றார் கங்காணி.

ஒருநாள் அது காம்பராவில் இருந்த என் மூத்த மகள் மேல் பாய்ந்தது. அவள் இடது கண்ணுக்குக் கீழே இருக்கிற தழும்பு அன்றைக்குப் பட்டதுதான். கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

அத்தை சேவலைப் பிடித்தார். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் இரண்டு கால் முள்ளின் நுனியையும் சீவி, மஞ்சள் வைத்து, கூடையால் கவிழ்த்து மூடினார். கங்காணி ஓடி வந்தார்.

"முனிக்கு விட்டத ஊனமாக்கிட்டியே!"

"நகம் வெட்டுனா ஊனமாங்க? அப்ப உங்க கையும் ஊனந்தான்."

கூடி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"முனி உன்னக் கேக்காம விடாது."

"கேக்கட்டும். நானும் முனிகிட்ட கேக்க வேண்டியது இருக்கு."

"கோயில்ல விழுந்து மன்னிப்பு கேளு. இல்லாட்டி நாளையில இருந்து காம்பரா வேல கெடையாது."

"புள்ள கண்ணக் காப்பாத்துனதுக்கு மன்னிப்பா? கேக்க மாட்டேங்க."

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் அத்தையின் பெயரைக் கொழுந்து மலைக்குக் கூப்பிட்டார்கள். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போய் நின்றார். பக்கத்தில் பார்த்தால், தாய்மார் எல்லாரும் கைக்குழந்தைகளோடு நிற்கிறார்கள்.

"புள்ளைகளோடயா மலை ஏறப் போறீங்க?" என்று கங்காணிக்கும் மேலே இருந்து வேலையைப் பார்க்கிற கண்டாக்கு ஐயா கேட்டார்.

"அக்கா இல்லாத காம்பராவுல விட மாட்டோமுங்க. மலைக்குப் போகலன்னாலும் சரி" என்றாள் ஒருத்தி.

கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. கண்டாக்கு ஐயா யோசித்துப் பார்த்து, அத்தையைக் காம்பராவுக்கே அனுப்பினார். கங்காணி திருவிழாவுக்கு வேறு சேவல் பிடித்தார். முள் சீவிய சேவல் தனக்கு வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த வாரமே அது குழம்பானது. காம்பராப் பிள்ளைகள் அத்தனை பேரும் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் வயிற்று வலிகூட வரவில்லை.

பிள்ளை இல்லாதது முனியின் கோபம் என்கிறார்கள். அந்தச் சேவல் முட்டைக்குள் வருவதற்கு முன்பே உங்கள் மாமா இறந்துவிட்டார். கால் வீங்கியது சிறுநீரகக் கோளாறினால் என்று டொக்டர் என்னிடம் சொன்னார். கடைசி நாட்களில் கட்டிலுக்கு வந்து குறி சொன்னவரிடமும் அத்தை, "நான் மன்னிப்பு கேக்க மாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன், போங்க" என்றார். கேட்காமலே கண்ணை மூடினார்.

அத்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன லயத்துத் தம்பிமாருக்கும், லொறி தந்த சிங்கள முதலாளிக்கும், கினிகத்தேனையிலிருந்து மழையில் வந்த உறவினருக்கும், அடுப்பு மூட்டி எங்களுக்குச் சோறு போட்ட பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பரிகாரம் செய்யச் சொன்னவர்களும் வந்திருந்தார்கள். வந்ததற்கு அவர்களுக்கும் நன்றி. பரிகாரம் செய்யவில்லை. செய்யவும் மாட்டோம்.