நோய் என்றால் நாங்கள்

பழிவாங்குவது பாவம் என்று சொல்கிறவர்களுக்கு என்னுடைய அத்தானைப் போல ஒரு அத்தான் வாய்த்திருக்க மாட்டார். அக்காவின் கணவர். எனக்கு முந்தியே பலெர்மோவுக்கு வந்து, இத்தாலியன் பாஷையைத் தண்ணீர் பட்ட பாடாக்கி வைத்திருந்தார். நான் வந்து இறங்கிய புதிதில் விசாப் பதிகிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவுக்குப் போனாலும் டொக்டரிடம் போனாலும் அவர் வாயால்தான் நான் பேசினேன். என் தலைவலியைக்கூட அவர்தான் எடுத்துச் சொன்னார். அந்த நன்றியை நான் மறுக்கவில்லை. அவரைத் திட்டும்போதுகூட அத்தான் என்று மரியாதையாகச் சொல்லித்தான் திட்டுவேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை தூண்டில். யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பண்ணைப் பாலத்தில் நின்று பழகியது. பலெர்மோவில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. மற்றவர்கள் பல்லாரோ சந்தையடியில் கூடிக் கதைத்துக்கொண்டு நிற்க, நான் அல்பெர்கேரியாவில் ஐந்தாறு பேரோடு இருந்த அறையிலிருந்து தூண்டில் தடியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் இறங்கி, மீன் சாப்பாட்டுக் கடைகளையும் பாறைகளையும் தாண்டி, மணல் வரும்வரை நடப்பேன்.

அங்கே குளிர்காலத்தில் ஸ்பீகொலா வரும். நம்முடைய கொடுவாவுக்கு இத்தாலியில் ஒரு சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடமேல் காற்று ஓரிரு நாள் அடித்து ஓய்ந்தபின் கரையோரம் முழுக்க வெள்ளை நுரையாகக் கிடக்கும். மீன் அந்த நுரைக்குள்தான் இரை தேடும், முழங்காலளவு தண்ணீரில். புதிதாக வருகிறவர்கள் உடம்பில் உள்ள பலமெல்லாம் திரட்டித் தூர எறிவார்கள். மீன் அவர்கள் காலடியில் நிற்கும்.

அத்தானுக்கு நான் தூண்டில் போடுவது பிடிக்காது. "எங்கடை ஆக்கள் செய்யிற வேலையோ இது?" என்பார். கடல் தொழில் செய்கிறவர்களைத் தனக்குக் கீழே வைத்துப் பார்க்கிற ஊர்ப்புத்தியை அவர் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் மீன் வந்தால் நடுத்துண்டு அவருக்குத்தான்.

நான் வேலை செய்த வீட்டு எசமானியம்மா, சிஞ்ஞோராவின் அண்ணனுக்கு நகருக்குள் ஒரு பெரிய மாடிக் கட்டடம் இருந்தது. அதற்கு வாசல் காவலுக்கு ஆள் தேடினார்கள். முறையான பதிவோடு வேலை, கீழ்த்தளத்தில் இரண்டு அறையும் குசினியும். அந்த இடத்தைப் போர்த்தினேரியா என்பார்கள். எனக்கு அது வெறும் வேலை இல்லை. கலியாணம் முடித்த கையோடு விட்டுவிட்டு வந்த என் மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி மட்டும் போதாது, வீடு காட்ட வேண்டும். ஐந்தாறு பேர் படுக்கிற அறையை வீடு என்று யாரிடம் போய்க் காட்டுவது? சிஞ்ஞோரா எனக்காக அண்ணனிடம் சொல்லி வைத்தார். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முதல்நாள் போய்ப் பார் என்றார்.

நத்தாருக்கு முதல்நாள் இத்தாலியர்கள் இறைச்சி தொடமாட்டார்கள், மீன்தான். நாங்கள் விரதமென்றால் மீனையும் மச்சம் என்று தள்ளிவைக்கிறவர்கள். அவர்களுக்கு மீன் விரதச் சாப்பாடு. வெறுங்கையோடு போகாமல் ஒரு ஸ்பீகொலாவோடு போவோம் என்று நினைத்தேன். முருகன் கண் திறந்தான். அந்த வாரம் காற்றும் அடித்தது, ஓய்வும் கிடைத்தது, மீனும் வந்தது. என் முழங்கையளவு நீளம், வெள்ளித் தகடு மாதிரி உடம்பு. பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மொழிக்கு அத்தானைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்தக் கட்டடத்துச் சிஞ்ஞோரே, எங்கள் சிஞ்ஞோராவின் அண்ணன், வயதான மனிதர். ஒரு காலத்தில் அவரும் தூண்டிலும் கடற்கரையுமாகக் கிடந்தவர். முழங்கால் இரண்டும் விட்டுப்போனபின் வீட்டோடு அடைந்துவிட்டார். பேப்பரைப் பிரித்தார். மீனின் முதுகைத் தடவினார், செதிலுக்குள் மூக்கை வைத்து மணந்தார். இதை யார் பிடித்தது என்று கேட்டார். அந்த அளவு இத்தாலியன் எனக்கே விளங்கியது.

எங்கள் பக்கத்தில் பெரியவர்களுக்கு முன்னால் நான், நான் என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு நிற்பது அழகில்லை. தான் கட்டிய மனைவியையே எங்கடை மனுசி என்று சொல்கிறவர்கள் நாங்கள். இத்தாலியனில் 'நாங்கள்' என்பதற்கு 'நோய்' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைப் படித்த அன்றைக்கு அறையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்ததால் எனக்கு அது மறக்கவேயில்லை. ஆகவே தலையைக் குனிந்துகொண்டு பணிவாகச் சொன்னேன்.

"நோய்."

சிஞ்ஞோரே நோய்க்குள் இருந்த இரண்டு பேரையும் பார்த்தார். ஒருவன் குனிந்து நிற்கிறான். மற்றவர் நிமிர்ந்து நின்று, காற்று, நுரை, முழங்காலளவு தண்ணீர் என்று நான் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்ததையெல்லாம் இத்தாலியனில் அள்ளிக் கொட்டுகிறார். எனக்காகக் கதைக்கிறார் என்று நினைத்து நானும் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினேன். பேச்சு முடிந்தபோது சாவி அத்தானின் கையில் இருந்தது.

"மனுசன் குடும்பக்காரனைத்தான் விரும்புறான், மச்சான்," என்றார் வெளியே வந்து. "முதல் நான் உள்ளுக்குப் போறன். பிறகு உன்னை இழுத்து எடுக்கிறன்."

அக்காவும் பிள்ளைகளும் அந்த இரண்டு அறைக்குப் போனார்கள். நான்தான் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்துகொண்டு போய் இறக்கினேன். அக்கா கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று கேட்டபோது, என் மனைவிக்கென்று நான் மனதில் போட்டு வைத்திருந்த பக்கத்தைக் காட்டினேன்.

பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் அத்தான் என் அறைக்கு வருவார். சிஞ்ஞோரே ஸ்பீகொலா கேட்கிறார், அவர் மனம் குளிர்ந்தால்தான் உனக்கும் ஒரு கட்டடம் பார்க்கச் சொல்லலாம் என்பார். நானும் கொடுத்தேன். அந்த நம்பிக்கையை விட்டால் எனக்கு வேறு என்ன இருந்தது? சிஞ்ஞோரே அத்தானுடைய கைராசியைச் சொந்தக்காரர்களிடமெல்லாம் புகழ்ந்தாராம். அத்தான் அதை என்னிடமே வந்து சொல்லுவார்.

ஆனால் கடல் மாறிக்கொண்டு வந்தது. தொடக்கத்தில் சின்னதுகளைத் திருப்பித் தண்ணீரில் விட்டவன் நான். போகப்போக குளிர்காலம் முழுக்க நின்றாலும் நத்தாருக்கு ஒன்று அகப்படுவதே பெரும்பாடாகிவிட்டது. கரையில் நிற்கிற பலெர்மோக் கிழவர்கள் வலைக்காரரைத் திட்டுவார்கள், அழுக்குத் தண்ணீரைத் திட்டுவார்கள், பிறகு ஒருவரையொருவர் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மனைவி தொலைபேசியில் எடுத்தவுடன் வீடு கிடைத்ததா என்று கேட்பாள். பிறகு அதைக் கேட்பதை விட்டுவிட்டு, சாப்பிட்டீங்களோ என்று மட்டும் கேட்கத் தொடங்கினாள். அந்தக் கேள்வி நின்ற நாளில்தான் இந்த மனிதனை விடக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

அதே காலத்தில் வேறொரு ஸ்பீகொலா வந்தது. வுச்சீரியாச் சந்தையின் மீன் தட்டுகளிலும் ஸ்ஃபெர்ராகவால்லோவின் சாப்பாட்டுக் கடைகளிலும் ஒரே அளவாக, அச்சில் வார்த்ததுபோலக் கிடந்தது. கடலில் கூடு கட்டித் தீன் போட்டு வளர்ப்பது. பண்ணை மீன் என்று நான் அறையில் விளக்கியபோது, "பண்ணை மீன் இஞ்சையும் வருதோ? அது நல்ல ருசியெல்லே?" என்று ஒருவர் ஆவலாகக் கேட்டார். அவர் நினைத்தது எங்கள் ஊரில் பண்ணைப் பாலத்தடிக் கடலில் பிடிக்கிற மீனை. இது வேறு. கூட்டு வலையில் உரசி உரசி வால் நுனி தேய்ந்து வட்டமாக இருக்கும். வயிற்றை அமுக்கினால் கொழுப்பு. கடல் தெரிந்தவன் கையில் எடுத்தவுடன் சொல்லிவிடுவான்.

அதற்குள் என் இத்தாலியன் சொந்தக் காலில் நடக்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் சட்டைகளை அயன் பண்ணிக்கொண்டு சிஞ்ஞோராவிடம் சொன்னேன்: உங்கள் அண்ணனை ஒருமுறை கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தான் மீன் பிடிப்பதைக் காட்ட அத்தானுக்கு ஆசை, கேட்கத்தான் கூச்சப்படுகிறார். கிழவருக்கு அதைக் கேட்டவுடன் பாதி முழங்கால் சுகமாகிவிட்டதாம். அத்தான் மூச்சிரைக்க என் அறைக்கு ஓடி வந்தார். என்ன விசர் வேலை பார்த்திருக்கிறாய் என்று கத்தினார்.

"நீங்கள்தானே அத்தான் பிடிக்கிறனீங்கள்," என்றேன். எவ்வளவு இனிமையாக இருந்தது அதைச் சொல்ல.

நத்தாருக்குக் கிட்டிய ஒரு ஞாயிறு பின்னேரம் போனோம். நானும் அத்தானும் முன்னால் நடந்தோம். அவர் கோயிலுக்குப் போடுகிற சப்பாத்தோடு மணலில் புதைந்து புதைந்து வந்தார். சிஞ்ஞோரே தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் மெதுவாக வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேருமுன் ஒருமுறை எறிந்து பார்க்கிறேன் என்று அத்தான் தடியைப் பறித்தார். வீசினார். தூண்டில் தூரமும் போகவில்லை, நேராகவும் போகவில்லை. அவர் காலடி நுரைக்குள் தொப்பென்று விழுந்தது. இனி இந்தக் கூத்தை இருந்து பார்க்கலாம் என்று நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

தடி வளைந்தது.

இத்தனை வருஷம் நான் குளிரில் நின்று கெஞ்சியும் வராத மீன், சப்பாத்துப் போட்ட இந்த மனிதனுக்கு முதல் வீச்சிலேயே வருகிறது. அவர் ரீலைச் சுற்றவும் தெரியாமல், வராத ஆட்டை இழுப்பதுபோலப் பின்பக்கமாக நடந்தே அதை மணலுக்கு இழுத்துவிட்டார். ஸ்பீகொலாதான். என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். உண்மையாகவே தான் மீன்காரன்தான் என்று அந்த நிமிஷத்தில் அவர் நம்பிவிட்டார். தடியாலேயே அடிக்க வேண்டும் போல இருந்தது.

சிஞ்ஞோரே வந்து சேர்ந்தார். அவருக்கென்று நான் விரித்து வைத்திருந்த மடக்கு நாற்காலியில் உட்காருமுன்னே மணலில் கிடந்த மீனைக் கண்டு, தா என்று கையை நீட்டினார். வாங்கி வாலை விரித்தார். நுனியைப் பெருவிரலால் தடவினார். வயிற்றை அமுக்கினார். பிறகு அத்தானின் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொன்னார்: "அல்லெவாமெந்தோ." பண்ணையில் வளர்த்தது.

புயலில் எங்கேயோ ஒரு கூடு கிழிந்து அந்த மீன்கள் கரை நெடுகத் திரிகின்றன என்பது சில நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்போது சிஞ்ஞோரேக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தான் வந்து உட்காருமுன் சந்தை மீன் ஒன்று மணலில் தயாராகக் கிடக்கிறது. வுச்சீரியாவில் வாங்கினாயா என்று கேட்டார். எல்லா வருஷமும் இப்படித்தானா, என்னுடைய கண் அவ்வளவு கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். அத்தான் தன் தாயின் மேல் சத்தியம் செய்தார், அவர்களுடைய மாதாவின் மேலும் சத்தியம் செய்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நோய், சிஞ்ஞோரே, நோய்," என்றார். நாங்கள், நாங்கள்.

"சொல்லு மச்சான்," என்று தமிழில் கெஞ்சினார். "நாங்கள் பிடிச்சனாங்கள் எண்டு சொல்லு. நீ உண்மையைச் சொன்னால் நம்புவான்."

சிஞ்ஞோரே என்னைப் பார்த்தார். அந்த மீன் அத்தான் தன் வாழ்நாளில் தன் கையால் நேர்மையாகப் பிடித்த ஒரே மீன். மற்றதெல்லாம் நல்ல கடல் மீன், எல்லாம் நான் பிடித்தது. அவரைக் காப்பாற்ற இரண்டு வசனம் போதும்; என்னிடம் இப்போது இத்தாலியனும் இருந்தது. நான் அத்தானின் கையை மெதுவாக விலக்கினேன்.

"லூயி," என்றேன். "துத்தே லூயி." அவர். எல்லாம் அவர்தான்.

எத்தனையோ பேர் எத்தனையோ சந்தோஷங்களைப் பற்றிச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான்.

சிஞ்ஞோரே அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்த நத்தாருக்கு ஒரு பண்ணை மீனைத் தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்து, போர்த்தினேரியாவுக்கு அனுப்பினார். அதோடு அத்தானை அல்லெவாமெந்தோ என்று கூப்பிடத் தொடங்கினார். மாடிக்கு மாடி அந்தப் பெயர் ஏறியது. பட்டப்பெயர் தெளிப்பதில் பலெர்மோக்காரர் யாழ்ப்பாணத்தாருக்குக் குறைந்தவர்கள் இல்லை. தமிழாக்கத்தை நான் பார்த்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு பல்லாரோவில் ஒரே ஒருவரின் காதில்தான் போட்டேன்: பண்ணையார். பொழுது சாயுமுன் எல்லாத் தமிழருக்கும் அவர் பண்ணையார் ஆகிவிட்டார். புதிதாக வந்தவர்கள் ஊரில் காணிபூமி உள்ள பெரிய மனிதர் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார்கள். அவரால் கோபிக்கவும் முடியாது. கோபித்தால் கதையைச் சொல்ல வேண்டி வரும்.

அக்கா ஒருநாள் பிட்டும் கறியும் சட்டியில் கொண்டு என் அறைக்கு வந்தாள். படியில் போகும்போது தன்னையும் பிள்ளைகளையும்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்றாள்.

"எங்களுக்கு ஏன் இப்பிடிச் செய்தனீ?"

"உங்களுக்கில்லை அக்கா. அவருக்கு."

"அவர் எண்டால் ஆர்? நாங்கள்தானே."

சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். என் மனம் இளகவில்லை. பிட்டு முழுவதையும் சாப்பிட்டேன்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம், சிஞ்ஞோரா தன்னுடைய பழைய சிறிய வீடொன்றை எனக்கு வாடகைக்குத் தந்தார், மனைவி வந்து சேர்ந்தாள். முதல் ஞாயிறே பெருமையாக அவளைப் பல்லாரோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு அவ்வளவு பழக்கமில்லாத ஒருவர் எங்களை மறித்து, தன் மனைவிக்கு என்னைக் காட்டினார்.

"இவர் ஆர் தெரியுமோ? எங்கடை பண்ணையாற்றை மச்சான்."

என் பெயர் அவருக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார்த்தால் அங்கே பலருக்கும் தெரிந்திருக்காது. என் மனைவியின் முகம் மலர்ந்தது. பெரிய இடத்துச் சம்பந்தம் ஒன்று இவருக்கு இருக்கிறது, எனக்குச் சொல்லவில்லையே என்ற மாதிரி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆரப்பா பண்ணையார்? எங்கடை ஆளோ?"

சுற்றி நின்றவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஓம்," என்றேன். "எங்கடை ஆள்தான்."