காசி கூப்பிட்டது

இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் போளூரில் ஒரு கால்பந்துப் போட்டி. சவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்த எங்கள் அணியில் நான் சென்டர் ஹாஃப். பின்வரிசையில் நிற்கும் காசிக்கு முன்னால் நின்று, வருகிறவர்களை மறிப்பதுதான் என் வேலை.

அன்று முன்னேறிப் போய் ஒரு கோல் போட்டுவிட்டேன். அந்த ருசி விடவில்லை. மறுபடியும் ஓடினேன்.

"போவாதடா! இங்க யாருமில்ல, திரும்பி வா!" என்று காசி கத்தினான். நான் நிற்கவில்லை. பந்து பறிபோனது. திரும்பி ஓட எனக்கு மூச்சில்லை. நான் விட்டுவந்த இடத்தின் வழியாக இரண்டு பேர் பாய்ந்தார்கள். தனியாக மறிக்கப் போன காசிக்கு முழங்கால் உடைந்தது.

புளி உலுக்கும் பருவத்தில் அவனைப் பார்க்கப் போனேன். மரத்தில் கூலியாள் ஏறியிருந்தான். வருஷாவருஷம் ஏறுகிற காசி, கீழே காலை நீட்டி உட்கார்ந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"நீ கூப்ட்டது கேக்கலடா. ஒரே கூச்சல்" என்றேன்.

அவன் நிமிரவில்லை. "ஆமா, இன்னா கூச்சல் அன்னிக்கி!" என்றான்.

அன்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. அது அவனுக்கும் தெரியும்.